ஒரே சண்டை, நாலைந்து கேஸ்: விவாகரத்தும் வக்கீலும், ஒரு குமாஸ்தாவின் விளக்கம்

ஏற்காட்டிலிருந்து இறங்குகிற பஸ் கோரிமேடு தாண்டி சேலம் அஸ்தம்பட்டிக்கு வந்து நிற்கும்போது, கோர்ட்டுக்கு வருகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அதற்குள் கல்யாண ஆல்பம், பத்திரிகை, ரேஷன் கார்டு, நாலைந்து ஆஸ்பத்திரிச் சீட்டு. பக்கத்தில் அம்மாவோ அண்ணனோ. நான் குடும்ப வழக்குகள் அதிகம் பார்க்கிற ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அந்தப் பையை மேசையில் கொட்டி, எந்தத் தாள் எந்தக் கட்டுக்குப் போகும் என்று பிரிப்பதிலேயே என் நாளில் பாதி போய்விடும்.

பையைக் கொட்டியதும் வருகிற கேள்வி ஒன்றுதான். "அண்ணா, எத்தனை மாசத்துல முடியும்ங்க?"

"எந்தக் கேஸுங்க?" என்று திருப்பிக் கேட்பேன். முழிப்பார்கள். அவர்களுக்கு அது ஒரே வீடு, ஒரே சண்டை. கோர்ட் வாசலை மிதித்ததும் அது நாலைந்தாகப் பிரிந்துவிடும். இந்தப் பிரிவினை புரிந்துவிட்டால் மற்றது தானாகப் புரியும். வக்கீல் எதற்கு என்பதும் அங்கேதான் தெரியும்.

கல்யாணத்தை முறிக்கக் கேட்பது ஒரு மனு. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் போட்டால் அதை எச்எம்ஓபி, அதாவது இந்து திருமண அசல் மனு என்போம். குடும்பநல நீதிமன்றம் விசாரிக்கும். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் கேட்பது ஜீவனாம்ச மனு, அதற்கு எம்சி, அதாவது ஜீவனாம்ச வழக்கு என்று நம்பர் விழும். முன்பு எல்லோர் வாயிலும் புழங்கிய, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144 ஆகிவிட்டது. பழைய ஆட்கள் இன்னும் 125 என்றுதான் சொல்வார்கள்; மனு அதேதான். பிள்ளை யாரிடம் இருப்பது, மற்றவர் என்றைக்கு வந்து பார்ப்பது என்பதற்கு இன்னொரு மனு. அடி உதை, வீட்டை விட்டுத் துரத்தியது, நகையைப் பிடுங்கி வைத்துக்கொண்டது எல்லாம் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் வரும். அது மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். மகளிர் காவல் நிலையத்தில் கொடுமைப் புகார் கொடுத்து எஃப்ஐஆர் ஆகியிருந்தால் அது ஐந்தாவது. அந்த வழக்கை நடத்துவது அரசுத் தரப்பு. நீங்கள் அதில் சாட்சி மட்டும்தான்.

ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர், தனி வாய்தா. ஒன்றில் கிடைத்தது மற்றதில் கிடைத்ததாக ஆகாது. விவாகரத்து வாங்கிவிட்டால் ஜீவனாம்சம் நின்றுபோகும் என்று நினைத்து வருகிற ஆண்கள் நிறைய. நிற்காது. சட்டத்தில் மனைவி என்ற சொல்லுக்குள் விவாகரத்தாகி மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணும் அடக்கம். அதேபோல, பேசிச் சமாதானமாகிவிட்டால் எஃப்ஐஆர் தானாகப் போய்விடும் என்ற நினைப்பும் தப்பு. மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு, அதாவது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ, நம் ஊர் மாஜிஸ்திரேட் முன்னால் ராஜி செய்து முடிக்கக்கூடியது இல்லை. சமாதானப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து மனு போட வேண்டும்.

ஆகவே முதல் நாள் ஒரு நல்ல வக்கீல் செய்கிற வேலை, இந்த ஐந்தில் உங்களுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று கழித்துக் கட்டுவது. எல்லாவற்றையும் போட்டுத் தாக்கலாம் என்று ஆரம்பத்திலேயே சொல்கிறவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொரு கேஸும் மாதம் ஒரு வாய்தா, ஒரு நாள் கூலி, ஒரு பஸ் செலவு.

எந்தச் சட்டம் உங்களுக்கு?

இந்துக்களுக்கு 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம். பௌத்தர், சமணர், சீக்கியர் எல்லாம் அதிலேயே சேர்த்தி. ஐயர் இல்லாமல் மாலை மாற்றிச் செய்த சுயமரியாதைத் திருமணமும் அதே சட்டத்தில் 7ஏ என்ற தமிழ்நாட்டுத் திருத்தத்தில் செல்லும், ஆகவே பிரிவதும் அதே வழி. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டம். பரஸ்பர சம்மதத்தில் பிரியும் வழி 2001 திருத்தத்தில்தான் அதற்குள் வந்தது. முஸ்லிம் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. மதம் மாறாமல் ரிஜிஸ்டர் ஆபீஸில் கலப்புமணம் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்.

எங்கள் பக்கத்தில் இதில் ஒரு முடிச்சு உண்டு. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர். (பெயர் அப்படி இருந்தாலும் பேசுவது தமிழ்.) இந்து திருமணச் சட்டத்தின் 2ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. அவர்கள் கல்யாணமும் பிரிவும் அவர்களுடைய வழக்கப்படி. அப்புறம் எப்படி விவாகரத்து? வழக்கப்படி பெரியவர்கள் முன்னால் பிரிந்திருந்தால், அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்பதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டியிருக்கும். இந்துச் சடங்குப்படி கல்யாணம் நடந்திருந்தால் இந்து திருமணச் சட்டத்தையே பயன்படுத்தலாம் என்று சொன்ன தீர்ப்புகளும் உண்டு. எல்லா நீதிமன்றமும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. மலையிலிருந்து வருகிறவர் இதை வக்கீலிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வழக்கமான மனு ஒன்றைப் போட்டுவிட்டு, ஒரு வருஷம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் சாதிச் சான்றிதழை எடுத்து நீட்டினால் கட்டு முழுக்க ஆட்டம் காணும். ஜீவனாம்சத்துக்கும் குடும்ப வன்முறைச் சட்டத்துக்கும் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. சாதி மதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்று.

பத்திரத்தில் எழுதிக்கொண்டது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, முத்திரைத்தாளில் 'இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி, இருபுறமும் சாட்சிக் கையெழுத்து வாங்கி, சீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். நிரூபிக்கக்கூடிய வழக்கம் உங்கள் சமூகத்தில் இல்லையென்றால், அந்தத் தாள் கல்யாணத்தை முறிக்காது. அதை நம்பி மறுமணம் செய்தால் முதல் கல்யாணம் உயிரோடுதான் இருக்கிறது, இரண்டாவது செல்லாது. அதற்காக அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

சம்மதமா, சண்டையா?

இருவரும் ஒத்துப்போனால் பரஸ்பர சம்மத மனு, இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு. குறைந்தது ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து என்றால் தனித்தனி வீடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை; ஒரே கூரைக்குக் கீழே கணவன் மனைவியாக இல்லாமல் இருப்பதும் அதில் சேரும். சேர்ந்து மனுப் போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருந்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி இருவரும் வந்து சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதம் கட்டாயம் இல்லை, தகுந்த வழக்கில் நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கேட்டதும் கிடைத்துவிடாது. ஏற்கெனவே ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி எல்லாம் தோற்றிருக்க வேண்டும், பணம், பிள்ளை எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும்.

இங்கே வக்கீலின் வேலை வாதாடுவது கிடையாது, எழுதுவது. எவ்வளவு பணம், எத்தனை தவணை, எந்த வாய்தாவில் டிடி கைமாறும், நகையில் எது எது திரும்பும், பிள்ளையை மாதம் எத்தனை ஞாயிறு யார் கூட்டிப்போவது, மற்ற கேஸ்களை யார் எப்போது வாபஸ் வாங்குவது என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். 'பேசியபடி கொடுத்துவிடுவார்' என்ற ஒரு வரியை நம்பி முதல் கையெழுத்தைப் போட்ட பெண்ணுக்கு, இரண்டாவது தடவை வரும்போது தொகை பாதியாகியிருக்கும். இன்னொன்று, தீர்ப்பு ஆகும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பாதிப் பணத்தைக் கடைசி நாளுக்கு நிறுத்தி வைப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

ஒருவர் மட்டும் கேட்டால் காரணம் காட்ட வேண்டும். கொடுமை, இரண்டு வருஷம் கைவிட்டது, வேறு உறவு, மதமாற்றம், கடுமையான மனநோய், ஏழு வருஷமாக இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதது என்று சட்டத்தில் பட்டியல் உண்டு. 'எங்களுக்கு ஒத்துவரல' என்பது பட்டியலில் கிடையாது. திரும்ப ஒட்டவே முடியாமல் உடைந்துபோன கல்யாணம் என்று சொல்லி முறிக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்திடம்தான் உண்டு, அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவில். 2023இல் அதை விரிவாகச் சொன்னார்கள். அஸ்தம்பட்டியில் அதைக் கேட்டுப் பயனில்லை. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள், மிக விதிவிலக்கான கஷ்டம் என்றால் தவிர, மனுவே போட முடியாது.

தேதிதான் இங்கே உயிர். அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிற ஒருவர் வந்து உட்கார்ந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எப்பங்க போனாங்க?" என்றால், "மாரியம்மன் பண்டிகைக்கு அவங்கம்மா ஊட்டுக்குப் போனவ, திரும்பி வரலைங்க" என்பார். எந்த வருஷப் பண்டிகை? பெரிய பையனுக்கு மொட்டை அடித்த வருஷம். நான் காலண்டரைப் புரட்டி, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா அந்த வருஷம் எந்த வாரம் என்று பார்த்து, பஸ் டிக்கெட்டோ, அவர் போனில் அன்றைக்கு எடுத்த போட்டோவோ இருக்கிறதா என்று கேட்டு, ஒரு தேதியைப் பிடிக்க வேண்டும். கைவிட்டது என்று கேட்க, மனுப் போடும் நாளுக்கு முன் இரண்டு வருஷம் முழுசாக ஓடியிருக்க வேண்டும். 2023 ஆடியில் போனார் என்றால் 2025 ஆனியில் போடுகிற மனு சில வாரம் குறைந்ததாலேயே தோற்கும். மனுவில் ஆடி என்று எழுதிவிட்டு, சாட்சிக் கூண்டில் நின்று பொங்கல் என்று வாய் தவறினால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்றைக்குத் தீபாவளி.

மனு போட்டதிலிருந்து

எங்கே போடுவது? கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து குடியிருந்த ஊர், எதிர்மனுதாரர் இருக்கும் ஊர். மனைவி போடுகிறார் என்றால் அவர் இப்போது இருக்கும் ஊரிலும் போடலாம். 2003 திருத்தத்தில் வந்த வசதி அது. கல்யாணம் பெங்களூரில் நடந்திருந்தாலும் ஏற்காட்டில் அம்மா வீட்டில் இருக்கும் பெண் அதற்காகப் பெங்களூர் போக வேண்டியதில்லை. குடும்பநல நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் ஊர்க்காரர்களுக்குச் சார்பு நீதிமன்றம்.

போட்ட மனு உடனே நம்பர் ஆகாது. பத்திரிகை நகல் தெளிவாக இல்லை, வயதுச் சான்று இல்லை, கதவிலக்கம் தப்பு என்று ரிட்டர்ன் ஆகும். சரிசெய்து மறுபடி கொடுப்போம். நம்பர் ஆனதும் பேட்டா, அதாவது நோட்டீஸ் அனுப்பும் கட்டணம் கட்டி எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ். நோட்டீஸ் வாங்கியும் வராமலிருந்தால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது வராதவர் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். கோபத்தில் நோட்டீஸைத் திருப்பி அனுப்புகிறவர்கள் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார்கள். அந்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்துசெய்யக் கேட்க 30 நாள்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், 13ஆம் பிரிவில், வக்கீல் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கொடுக்கவில்லை. நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். நடைமுறையில் வக்காலத்தோடு ஒரு அனுமதி மனுவும் போகும், கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பிரிவின் நோக்கம் கோர்ட் ஹாலில் கண்ணுக்குத் தெரியும். நீதிபதி வக்கீலைப் பார்க்காமல் உங்களைப் பார்த்துத்தான் கேட்பார்: "என்னம்மா, சேர்ந்து வாழ முடியாதா?" முதலில் கோர்ட்டிலேயே ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம், அப்புறம் சமரச மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பேசுவது நீங்கள்தான். சேர்த்து வைக்கத்தான் பார்க்கிறார்கள் என்று சலித்துக்கொள்வார்கள். ஆனால் நாலு வருஷம் இழுத்திருக்க வேண்டிய பல கேஸ்கள் அந்த அறையில்தான் பரஸ்பர சம்மதமாக மாறுகின்றன. ரகசியமாக விசாரிக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் கேட்டாலும், மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு விசாரிக்க வேண்டும், 11ஆம் பிரிவு.

சமரசம் தோற்றால் எதிர்மனு, பிறகு சாட்சியம். உங்கள் முதல் விசாரணை, அதாவது உங்கள் தரப்பை நீங்கள் சொல்வது, அஃபிடவிட்டாக (பிரமாணப் பத்திரமாக) எழுதிப் போய்விடும், கூண்டில் நிற்பது குறுக்கு விசாரணைக்கு. வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்தால் போதாது. மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் சேர்க்க வேண்டும், போனையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். அழித்த மெசேஜை விட, பாதி மட்டும் காட்டுகிற மெசேஜ் ஆபத்து. மீதியை எதிர்த்தரப்பு கொண்டுவரும்.

பட்டறைக்குச் சம்பளச் சீட்டு ஏது?

ஜீவனாம்சத்தில் சேலத்துக்கே உரிய ஒரு சிக்கல். கவர்மென்ட் உத்தியோகம் என்றால் சம்பளச் சீட்டு பேசிவிடும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறவருக்கு ஏது சீட்டு? "நான் கூலிக்குத்தாங்க செய்யறேன், மாசம் எட்டாயிரம்" என்று எதிர்மனுவில் எழுதிவிடுவார். மலையில் காப்பித் தோட்டத்தில் பங்கு உள்ளவரும் இதையே சொல்வார், இந்த வருஷம் மிளகும் இல்லை என்று சேர்த்துக்கொள்வார்.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் ஒரு அஃபிடவிட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு தரப்பும் என்பதைக் கவனியுங்கள், கேட்கிறவரும்தான். வக்கீலின் திறமை இந்தத் தாளைப் படிப்பதில் தெரியும். மாசம் எட்டாயிரம் சம்பாதிக்கிறவர் கார் கடனுக்குப் பதினோராயிரம் தவணை கட்டுவது எப்படி? பட்டறைக்கு வரும் கரண்ட் பில், ஜிஎஸ்டி பதிவு, போனில் வந்துபோன பணம், பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணத்தை யார் கணக்கிலிருந்து கட்டினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் எட்டாயிரம் மெதுவாக வளரும். அதே தீர்ப்பு, ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்தே கிடைக்க வேண்டும் என்றது. இடைக்கால ஜீவனாம்சத்தை நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிவுசெய்ய வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அதைத் தாண்டும், ஆனால் கேட்காமல் விட்டால் இன்னும் தாண்டும். உத்தரவுக்குப் பிறகும் கொடுக்காவிட்டால் வாரண்ட், சிறை வரை போகலாம். பாக்கி சேர்ந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும்.

பிள்ளை விஷயத்தில் நீண்ட பேச்சு வேண்டாம். ஐந்து வயதுக்குள் சாதாரணமாக அம்மாவிடம். அதற்கு மேல் பிள்ளையின் நலன் எங்கே என்று நீதிபதி பார்ப்பார். அப்பாவைப் பார்க்க விடாமல் செய்வதோ, பணம் வந்தால்தான் காட்டுவேன் என்பதோ எந்தத் தரப்புக்கும் நல்ல பெயர் வாங்கித் தராது.

வக்கீலைப் பிடிப்பது

பணமில்லை என்று யாரும் வக்கீல் இல்லாமல் நிற்க வேண்டியதில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைக்கும். மலையாளி சமூகத்து ஆணுக்கும் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம்.

பணம் கொடுத்து வைப்பவர்கள், மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, ஐந்து கேஸுக்கும் சேர்த்தா, தனித்தனியா என்று முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாங்கித் தரும் ஜீவனாம்சத்தில் இத்தனை பங்கு என்று பேசக் கூடாது. பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. வக்கீலைப் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். ஃபீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. (எங்கள் வக்கீல் இதைப் படித்தால் முறைப்பார்.)

அவரிடம் எதையும் மறைக்காதீர்கள். நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அண்ணனைக் கட்டுப்படுத்த அப்படி ஒரு சட்டம் கிடையாது. அதனால்தான் எங்கள் ஆபீஸில், பையைக் கொட்டியதும் கூட வந்தவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவோம். அப்புறம்தான் உண்மையான கேஸ் வெளியே வரும்.

தீர்ப்பான பிறகு ஒரு வேலை பாக்கி. இந்து திருமணச் சட்டத்தில் மேல்முறையீட்டுக்கு 90 நாள். அது முடியும்வரை மறுமணப் பேச்சை எடுக்க வேண்டாம். இதற்கிடையில் சர்டிஃபைட் காப்பிக்கு மனுப் போடுவோம். பாஸ்போர்ட்டுக்கு, ரேஷன் கார்டில் பெயர் மாற்ற, நாளைக்கு இன்னொரு கல்யாணத்தைப் பதிய என்று எல்லா இடத்திலும் அதைக் கேட்பார்கள். இரண்டாகப் போடுங்கள். ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து லேமினேட் செய்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் இருக்கும் கோர்ட் முத்திரை மங்கிப்போய், மறுபடி காப்பிக்கு மனுப் போட என்னிடமே வருவீர்கள்.